உகாயா, ஆவாரையா, கிளாவா, அடீனியமா? திருகோணமலை வளவுக்கு எந்த வறட்சிச் செடி சரிவரும்

போன வைகாசியில இருந்து ஒரே கேள்வி என்னட்ட வந்துகொண்டே இருக்கு. நிலாவெளி ரோட்டுல புதுசா வீடு கட்டின ஒரு தம்பி, பாலையூத்துல இருக்கிற சிநேகிதி ஒராள், தம்பலகாமத்துல என்ர அக்கா, மூண்டு பேரும் கேட்டது ஒண்டுதான். கோடையில தண்ணி ஊத்திக் கட்டாது, கிணறு இறங்குது, அதால நம்ம நாட்டு வறண்ட காட்டுச் செடி ஒண்டு, எல்லார்ர வாசல்லயும் நிக்காத ஒண்டு வைக்கலாம் எண்டு யோசிக்கிறம், எதை வைக்கிறது? மூண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் வேற வேற. ஏனெண்டா மூண்டு பேர்ர வளவும் வேற வேற.

அந்தப் பதிலுகளை இங்க விரிவா எழுதுறன். நாலு செடியை எடுத்துக்கொள்ளுறன்: உகாய் (பல்லு விளக்கிற மிஸ்வாக் குச்சி வெட்டுற செடி இதுதான்), ஆவாரை, கிளா, அடீனியம். முதல் மூண்டும் நம்ம நாட்டுச் செடி. நாலாவது ஆபிரிக்கா, அரேபியாப் பக்கத்துச் செடி, ஆனா நேர்சரிக்குப் போனா "வெயிலுக்கு நல்லம்" எண்டு முதல்ல கையில தாறது அதைத்தான், அதால அதையும் சேக்காம கதைக்க ஏலாது.

## செடியைப் பாக்க முதல் வளவைப் பாக்கோணும்

எல்லாரும் ஆடி ஆவணி வெயிலை நினைச்சுத்தான் செடி தெரிவு செய்யிறாங்க. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கேக்க மண் சூடேறி இலையெல்லாம் கருகிறதைக் கண்ணால காணுறதால அதுதான் பெரிய எதிரி எண்டு தோணும். ஆனா நான் இத்தின வருசம் வளத்துப் பாத்ததில, வறட்சிச் செடியை இங்க சாகடிக்கிறது ஆடி வெயில் இல்ல, கார்த்திகை மழை.

கணக்கைப் பாருங்க. திருகோணமலையில வருசத்துக்கு கிட்டத்தட்ட 1500, 1600 மில்லிமீற்றர் மழை பெய்யும். அதுல பெரும் பங்கு ஐப்பசியில தொடங்கி தைக்குள்ள கொட்டி முடிஞ்சிடும், கார்த்திகை மார்கழி ரெண்டு மாசத்துல மட்டும் 600 மில்லிமீற்றர் தாண்டுறது வழமை. உகாய் மாதிரி ஒரு செடி ராஜஸ்தான்லயோ சூடான்லயோ வருசம் முழுக்க 200, 300 மில்லிமீற்றரோட சீவிக்கும். அதுக்கு வருசம் முழுக்கக் கிடைக்கிற தண்ணியை நாம ரெண்டு மூண்டு கிழமையில தலையில ஊத்துறம். நம்ம நாட்டுல உண்மையான பாலைவனம் எண்டு ஒண்டும் இல்ல. மன்னார் புத்தளம் பக்கமும் அம்பாந்தோட்டை யால பக்கமும்தான் வறள் வலயம், நாங்க இருக்கிறது உலர் வலயம். பேர்ல ஒரு சொல்லுத்தான் வித்தியாசம், செடிக்கு அது பெரிய வித்தியாசம்.

அதால நான் முதல்ல கேக்கிறது இதுதான்: கார்த்திகையில ரெண்டு நாள் தொடர்ந்து மழை பெஞ்சா உங்கட வளவுல எந்த மூலையில தண்ணி நிக்கும், எத்தின மணித்தியாலத்துல வத்தும்? தெரியாதெண்டா செடி வாங்க அவசரப்படாம ஒரு மாரி பொறுத்து, குடையோட இறங்கி நடந்து பாருங்க. தண்ணி நிக்கிற இடத்துல ஒரு தடி குத்தி வையுங்க. பிறகு மறந்துபோகும், நானும் மறந்திருக்கிறன்.

அடுத்தது உப்பு. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கரையில இருந்து அரை மைல் வரைக்கும் காத்துலயே உப்பு வரும், தகரமும் கம்பியும் கறள் பிடிக்கிறதுல அதைக் காணலாம். கிணத்துல உவர் ஏறுறது அதைவிடக் கஸ்டம், அதைக் கீழ தனியா சொல்லுறன்.

பிறகு ஆடு மாடு. நம்ம ஊர்ல கட்டாக்காலி மாடு கேட் திறந்திருந்தா உள்ளுக்கு வந்திடும், ஆட்டைப் பத்தி சொல்லத் தேவையில்ல. அதோட வீட்டுல சின்னப் பிள்ளையள் இருக்கா, முள்ளும் நஞ்சும் பிரச்சினையா எண்டு பாக்கோணும். கடைசியா, கன்று எங்கால எடுக்கப்போறீங்க, எத்தின வருசம் பொறுப்பீங்க. இந்தக் கடைசிக் கேள்வியிலதான் நிறையப் பேர் விழுந்துபோறாங்க.

| | உகாய் | ஆவாரை | கிளா | அடீனியம் |
|---|---|---|---|---|
| உப்புக் காத்து, உவர் மண் | நல்லாத் தாங்கும் | ஓரளவு | ஓரளவு | சட்டியில வச்சா சமாளிக்கலாம் |
| மாரித் தண்ணி நிண்டா | வளந்த செடி தாங்கும், கன்று அழுகும் | தாங்காது | தாங்காது | கிழங்கு அழுகும் |
| வளர்ச்சி | சரியான மெது | வேகம் | மெது | மெது |
| ஆடு மாடு | விரும்பித் தின்னும் | பொதுவா தொடாது | முள்ளால தப்பும் | பால் நஞ்சு |
| கன்று கிடைக்கிறது | கஸ்டம் | விதை சுலபம் | தேடினா கிடைக்கும் | எங்கயும் கிடைக்கும் |
| நிலத்துலயா சட்டியிலயா | நிலம் | நிலம் | நிலம், வேலி | சட்டி மட்டும் |

## உகாய்

இதைப் பத்தித்தான் கூடக் கதைக்கப்போறன், ஏனெண்டா இதைப் பத்தித்தான் ஆக்களுக்குக் குறைவாத் தெரியும்.

தமிழ்ல உகாய், உகா, உவாய் எண்டெல்லாம் பேர் இருக்கு, தாவரவியல் பேர் சல்வடோரா பெர்சிகா. சங்கப் பாட்டுல பாலை நிலத்து மரமா வாறது இதுதான், அதால இது எங்கயோ இருந்து வந்த செடி இல்ல, நம்ம மொழிக்கும் மண்ணுக்கும் பழைய செடி. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பள்ளிவாசல் வாசல்ல கட்டுக் கட்டா வித்த மிஸ்வாக் குச்சியைக் காணாத ஆள் இருக்காது, ஆனா அந்தக் குச்சி நம்ம நாட்டுலயும் காட்டுல வளருற ஒரு செடியில இருந்து வாறது எண்டு சொன்னா நம்பாத ஆக்கள் நிறைய. சவூதியில இருந்து மட்டும்தான் வரும் எண்டு நினைக்கிறாங்க. இலங்கையில இது முக்கியமா மன்னார்ப் பக்கமும் அம்பாந்தோட்டைப் பக்கமும் உள்ள வறண்ட கரையோரப் பத்தையள்ல நிக்குது.

பாக்க எப்பிடி இருக்கும்? பெரிய அழகு எண்டு சொல்ல மாட்டன், ஆனா கனகாலம் பாத்தா மனசுல நிக்கிற அழகு. கொப்பு கீழ சரிஞ்சு தொங்கும், இலை எதிரெதிரா, கொஞ்சம் தடிப்பா, வருசம் முழுக்கப் பச்சையா இருக்கும். முள் இல்ல. பூ சின்னப் பொடிப் பூ, வெள்ளைப் பச்சை. பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, பழுத்தா இளஞ்சிவப்புல இருந்து கடுஞ்சிவப்பு, இனிப்பும் காரமுமா இருக்கும், தின்னலாம். கொண்டைக்குருவி விடாது. காட்டுல 6, 7 மீற்றர் உயரத்துக்குப் போகும், வளவுல கத்தரிச்சு விட்டா ஆள் உயரப் பத்தையா வச்சிருக்கலாம்.

உண்மையான உகாயைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. இலையைக் கிள்ளி மெண்டு பாருங்க, கடுகு மாதிரி, முள்ளங்கி மாதிரி ஒரு காரம் மூக்குக்கு ஏறோணும். கடுகுல இருக்கிற அதே குடும்பத்து காரச் சத்துத்தான் இதுலயும் இருக்கு, வேர்ல கூட. பல்லு விளக்க நல்லம் எண்டு சொல்லுறதுக்கு ஒரு காரணமும் அதுதான், கிருமியை அடக்கும். ஏன் இதைச் சொல்லுறன் எண்டா, நான் முதல் முதல் ஒரு நேர்சரியில "மிஸ்வாக்" எண்டு காசு குடுத்து வாங்கின கன்று உகாயே இல்ல. ஒரு வருசம் தண்ணி ஊத்தி வளத்துப் பிறகுதான் தெரிஞ்சுது, இலை எதிரெதிரா இல்லாம மாறி மாறி வந்தது, காரமும் இல்ல. அந்த ஒரு வருசம் எனக்கு இப்பவும் வலிக்குது.

இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற செலவு காசு இல்ல, காலம். முதல் ரெண்டு வருசம் மேல ஒண்டுமே நடக்காத மாதிரி இருக்கும், ஒரு முழம் வளந்தா பெரிசு, எல்லா வேலையும் கீழ வேருக்குள்ள நடக்குது. வேர் ஆழம் போய் ஈரத்தைப் பிடிக்கிற வரைக்கும் இதுவும் மத்தச் செடி மாதிரித்தான், தண்ணி கேக்கும். "பாலைவனச் செடிதானே" எண்டு முதல் கோடையிலயே கைவிட்டா செத்துப்போகும். முதல் ரெண்டு கோடையும் கிழமைக்கு ரெண்டு தரம் அஞ்சு லீற்றர் வீதம் குடுக்கோணும், மூண்டாவது வருசத்துல இருந்து அதை மறந்திடலாம்.

ரெண்டாவது செலவு வேலி. ஆடும் மாடும் இதை விரும்பித் தின்னும், ஒட்டகத்துக்கு இது நல்ல தீன் எண்டு பேர் போனது. ஒரு ஆடு ஒரு பின்னேரம் உள்ளுக்கு வந்தா ரெண்டு வருச வளர்ச்சி போச்சு. அதால கன்றைச் சுத்தி நாலு தடி நட்டு, கம்பி வலை போட்டு, நெஞ்சு உயரம் வரும் வரைக்கும் வச்சிருக்கோணும். இந்த வலைக்குப் போற காசு கன்றின்ர விலையைவிடக் கூட வரும், அதைக் கணக்குல எடுங்க.

விதையில இருந்து வளக்கிறதுதான் நல்லம். நல்லாப் பழுத்த பழத்தை எடுத்து, சதையைத் தண்ணியில தேச்சுக் கழுவி, விதையை மட்டும் எடுத்து, காய விட்டு வைக்காமக் கையோட நடுங்க. சதையோட நட்டா முளைக்காது, சதைக்குள்ள இருக்கிற சத்து முளைக்கிறதைத் தடுக்கும், குருவி வயித்துக்குள்ள போய் சதை கழண்ட பிறகுதான் காட்டுலயும் முளைக்கிறது. கறுப்பு பொலித்தீன் பேக் எண்டா நீளமானதாப் பாருங்க, வேர் கீழ போய்ச் சுருண்டா பிறகு நிலத்துல வச்சாலும் நேரா இறங்காது. வேர்ல இருந்து வாற பக்கக் கன்றை வெட்டி வைக்கிற ஆக்களும் இருக்காங்க.

பழம் எங்கால எடுக்கிறது? தெரிஞ்ச ஆள் ஒராள்ர தோட்டத்துல, காணியில நிக்கிற செடியில கேட்டு எடுங்க. வில்பத்து, யால மாதிரித் தேசியப் பூங்காவுக்குள்ள ஒரு கொப்பை முறிச்சாலும் குற்றம். சட்டம் ஒரு பக்கம், காட்டுல நிக்கிற செடியைக் கிண்டி எடுத்தா ஆழ வேர் அறுந்து எப்பிடியும் சாகும், அரிய செடி ஒண்டு குறைஞ்சதுதான் மிச்சம். சிநேகிதர் ஒராள் மன்னார்ல அவர்ர மாமாட காணியில இருந்து ஒரு சின்னப் போத்தல்ல பழம் கொண்டு வந்து தந்தார், என்ர செடியெல்லாம் அதுல இருந்து வந்ததுதான்.

அந்தப் போத்தல்ல இருந்து ஆறு கன்று வந்துது. 2020 ஐப்பசியில நிலத்துல வச்சன். நாலு, பின்பக்கப் பதிஞ்ச மூலையில, மண் நல்லா இருக்கு எண்டு நினைச்சு. ரெண்டு, பழைய சிமெந்துக் கல்லும் மண்ணும் குவிஞ்சு கிடந்த மேட்டுல, வேற இடமில்லாம. டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கால கரை கடந்துது. காத்து இந்தக் கன்றுகளுக்கு ஒண்டும் செய்யேல்ல. ஆனா அந்தக் கிழமை முழுக்க பின்மூலையில தண்ணி நிண்டுது, நாலும் அடியில கறுத்து, பிடிச்சு இழுக்கக் கையோட வந்துது. மேட்டுல நிண்ட ரெண்டும் இண்டைக்கு என்ர தலைக்கு மேல நிக்குது, ரெண்டு வருசமா ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தேல்ல. நல்ல மண்ணுல வச்சது செத்து, கல்லுக்கு நடுவில வச்சது வளந்ததைப் பாத்த பிறகுதான் நான் மேல சொன்ன மாரிக் கணக்கை விளங்கிக்கொண்டன்.

இன்னொரு காரணம், எனக்கு இதுதான் பெரிசு. சாமன் அராப் எண்டு ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கு, செட்டை இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த சின்னப் பூச்சி. அதின்ர புழு தின்னுறது உகாய் இலையும் அதின்ர சொந்தக்காரச் செடியான முட்சங்கும்தான். பத்தையை வெட்டித் துப்புரவாக்கினா இந்தப் பூச்சிக்குப் போக இடமில்ல. என்ர வளவுக்கு அது இன்னும் வரேல்ல, வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்.

யாருக்கு நல்லம்: கடற்கரைப் பக்கத்து மணல் வளவு, கிணத்துல உவர், தண்ணி வடியிற மேடு, நாலு வருசம் பொறுக்கிற மனசு. இந்த நாலும் இருந்தா வேற செடி யோசிக்காதீங்க.

## ஆவாரை

ஆவாரையை அரிய செடி எண்டு சொல்ல ஏலாது, நிலாவெளி தாண்டி வடக்கால போகேக்க பத்தைக்குள்ள மஞ்சளாத் தெரியும். ஆனா வீட்டு வளவுல வச்சிருக்கிற ஆக்களை விரல்விட்டு எண்ணலாம், அதுதான் எனக்கு விளங்காத விசயம். சிங்கள ஆக்கள் ரணவரா எண்டு சொல்லி காஞ்ச பூவை அவிச்சுக் குடிக்கிறாங்க, கடையில பைக்கற்றுல விக்குது, நாம அதைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வளவுல குறோட்டனுக்குத் தண்ணி ஊத்துறம். "ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ" எண்டு பழமொழி வேற இருக்கு.

நல்ல பக்கம் என்னெண்டா வேகம். விதை போட்டு ரெண்டாம் வருசத்துல பூக்கும், ஆள் உயரத்துக்கு வந்திடும், கொத்துக் கொத்தா மஞ்சள் பூ. விதைத் தோல் சரியான கடினம், அப்பிடியே போட்டா மாசக்கணக்குல கிடக்கும். சாண்ட் பேப்பர்ல ஒரு பக்கம் தேச்சு விட்டு, அல்லது கொதிச்சு இறக்கின தண்ணியில போட்டு ஒரு இரவு ஊற விட்டுப் போடுங்க. விதை இலவசம், ரோட்டோரச் செடியில காஞ்ச நெத்து ஒரு கை பிடுங்கினா காணும்.

குறை எண்டா நிழல்ல பூக்காது, முழு வெயில் வேணும். வருசத்துக்கு ஒருக்கா, பூத்து முடிஞ்ச பிறகு கத்தரிச்சு விடாட்டி அடி மொட்டையாகி தடியா நிக்கும். காஞ்ச நெத்தும் இலையும் விழுந்து குப்பையா இருக்கும், தினமும் முத்தம் கூட்டிச் சுத்தமா வச்சிருக்கிற அம்மாமாருக்கு அது பிடிக்காது. மஞ்சள், வெள்ளை வண்ணத்துப்பூச்சியள்ர புழு சில வருசம் இலை முழுக்கத் தின்னும். மருந்து அடிக்காதீங்க, திரும்ப தளிர்க்கும், அந்தப் புழு இல்லாட்டி பூச்சியும் இல்ல.

ஒரு தப்பான நம்பிக்கையையும் சொல்லி விடுறன். அவரைக் குடும்பம் தானே, மண்ணுக்கு நைதரசன் சேக்கும் எண்டு நிறையப் பேர் சொல்லுவாங்க. ஆவாரை இனத்துச் செடியளுக்கு வேர்ல நைதரசன் பிடிக்கிற முடிச்சு வாறேல்ல. பசளைக்காக வைக்கிறதெண்டா இது வேணாம்.

யாருக்கு நல்லம்: பாலையூத்து, கன்னியாப் பக்கம் மாதிரி கொஞ்சம் உள்ளுக்கு, செம்மண்ணோ கல்மண்ணோ, நல்ல வெயில், தண்ணி வடியிற காணி. அடுத்த வருசமே பூ காணோணும் எண்டு நினைக்கிற ஆக்கள். பாலையூத்துச் சிநேகிதிக்கு நான் சொன்னது இதைத்தான், இப்ப இடுப்பு உயரம் வந்திட்டுது.

## கிளா

கிளாக்காய் உப்புத் தூளோட தின்னாத பிள்ளைப் பருவம் கிழக்குல இருக்காது. பெருங்கிளா பழம் பெரிசு, ஊறுகாய் போடலாம். சிறுகிளா காட்டுல நிக்கிறது, பழம் சின்னன், வறட்சிக்குப் பலம் கூட. வெள்ளைப் பூ மல்லிகை மாதிரி இருக்கும், பின்னேரத்துல நல்ல வாசம்.

இதை ஒரு செடியாப் பாக்கக்கூடாது, வேலியாப் பாக்கோணும். முள் ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும், மாடும் வராது ஆடும் வராது. ரெண்டு அடிக்கு ஒண்டு வச்சு நாலைஞ்சு வருசம் கத்தரிச்சு வளத்தா தகர வேலிக்குச் செலவழிக்கத் தேவையில்ல, தகரம் கடற்காத்துக்குக் கறள் பிடிச்சு ஓட்டையாகிறதை நினைச்சா இது எவ்வளவோ திறம். ஆனா கத்தரிக்கிற வேலை உண்மையான வேலை, கையுறை வேணும், முள் குத்தினா நோவு ரெண்டு நாள் இருக்கும். சின்னப் பிள்ளையள் ஓடி விளையாடுற பக்கம் வைக்காதீங்க.

யாருக்கு நல்லம்: ரோட்டோரக் காணி, கட்டாக்காலி மாட்டுத் தொல்லை, வேலிக்குக் காசு இல்லாத இடம். உகாய் வைக்கிற ஆக்களும் வெளிப்பக்கம் கிளா வேலி போட்டா ரெண்டுக்கும் நல்லம்.

## அடீனியம்

சுருக்கமா சொல்லுறன். அழகான பூ, மறுக்கேல்ல. அடி தடிச்சு யானைக்கால் மாதிரி இருக்கும், அதுக்குள்ள தண்ணி சேத்து வச்சிருக்கும். அதுதான் பிரச்சினையும், மாரி மழையில நிலத்துல நிண்டா அந்த அடி அழுகி ஒரு கிழமையில சதசதப்பாகிடும். சட்டியில, பாதி மணலும் கல்லும் கலந்து வச்சு, ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் கூரைக்குக் கீழ எடுத்து வைக்கோணும். பத்துச் சட்டி இருந்தா பத்தையும் தூக்கோணும். பால் நஞ்சு, ஆபிரிக்காவுல அம்பு நுனியில பூசின செடி இது, இருதயத்தைத் தாக்கும். வெட்டினாக் கை கழுவுங்க, பிள்ளையளுக்கு எட்டாம வையுங்க. வண்ணத்துப்பூச்சி, குருவி எண்டு பாத்தா உகாய், ஆவாரை குடுக்கிறதை இது குடுக்காது.

மேல் மாடி, சிமெந்து முத்தம், நிலமே இல்லாத வீடு எண்டா வையுங்க. நிலம் இருக்கிற ஆக்கள் அந்தக் காசை வலைக்குச் செலவழியுங்க.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. "வறட்சிக்கு இதைவிட ஒண்டும் இல்ல" எண்டு சீமைக்கருவேலக் கன்று தர யாராவது வந்தா வாங்காதீங்க. 1950 களில அம்பாந்தோட்டைப் பக்கம் உவர் நிலத்துக்கு எண்டு கொண்டுவந்தது, இப்ப புந்தலப் பூங்காவுக்குள்ள பரவி நாட்டுப் பத்தையளை நெரிச்சுக்கொண்டு நிக்குது. உகாய் மாதிரிச் செடியள் நிக்கிற இடத்தைத்தான் அது பிடிக்குது.

## தண்ணிக் கணக்கு

இதை ஏன் தனியா எழுதுறன் எண்டா, கரையோரக் கிணறு வேற கிணறு மாதிரி இல்ல. மணலுக்குக் கீழ நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு இருக்கு. நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நிண்டா, கீழ கிட்டத்தட்ட 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும். மோட்டர் போட்டு அந்த ஒரு அடியை இறைச்சு எடுத்தா, கீழ இருந்து உப்பு அதே 40 அடி மேல ஏறப் பாக்கும். உடனடியா இல்ல, மெதுவா. ஒரு கோடையில ரெண்டு கோடையில தெரியும், தேத்தண்ணியில தெரியும். உங்கட கிணறு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும்.

இப்ப வளவுல புல்தரை போட்டா எவ்வளவு தண்ணி போகும் எண்டு கணக்குப் போடுங்க. ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் தண்ணி எண்டா ஒரு லீற்றர். கச்சான் காலத்துல ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் கணக்குல குடுத்தா, 100 சதுர மீற்றர் புல்லுக்கு ஒரு நாளைக்கு 500 லீற்றர், ஒரு மாசத்துக்கு 15,000. உகாய்க் கன்று ஒண்டுக்கு நான் சொன்ன கணக்குல ஒரு மாசத்துக்கு 40 லீற்றர் சொச்சம், அதுவும் முதல் ரெண்டு கோடை மட்டும். பத்துக் கன்று வச்சாலும் 400 லீற்றர்தான், புல்லுக்கு ஒரு நாளைக்குப் போறதைவிடக் குறைவு. நிலாவெளித் தம்பிக்கு இந்தக் கணக்கைக் கடதாசியில எழுதிக் காட்டின பிறகுதான் புல் போடுற யோசனையை விட்டார்.

அந்த அஞ்சு லீற்றரையும் மேலால ஊத்தினா பாதி ஆவியாப் போயிடும். பழைய மண்முட்டி ஒண்டைக் கன்றுக்குப் பக்கத்துல கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி நிரப்பி, ஒரு சிரட்டையால மூடி விடுங்க. முட்டி கசிஞ்சு கசிஞ்சு வேருக்குக் குடுக்கும். மூடாம விட்டா நுளம்பு முட்டை போடும், கட்டாயம் மூடுங்க.

## அப்ப எதை வைக்கிறது

நிலாவெளித் தம்பிக்கு: கரையில இருந்து கிட்ட, மணல், கிணத்துல உவர். உகாய் மூண்டு, ரோட்டுப் பக்கம் சிறுகிளா வேலி. மணலுக்குள்ள தண்ணி நிக்காது, அதால ஐப்பசியில முதல் மழையோட வைக்கலாம், மாரி முழுக்க வேர் கீழ இறங்கும், வைகாசிக்குள்ள பிடிச்சிடும்.

பாலையூத்துச் சிநேகிதிக்கு ஆவாரை. வெயிலும் இருக்கு, கல்மண்ணும் இருக்கு, அவவுக்குப் பூ வேணும்.

தம்பலகாமத்து அக்காவுக்கு நான் சொன்னது அவவுக்குப் பிடிக்கேல்ல. வயல் ஓரக் காணி, களிமண், மாரியில கணுக்கால் வரைக்கும் தண்ணி, தை பிறந்தாலும் வத்தாது. அந்தக் காணிக்கு இந்த நாலும் வேணாம் எண்டு சொன்னன். அவ உகாய்தான் வேணும் எண்டு நிண்டா, அரிய செடி எண்டு கேள்விப்பட்டதால. அரிய செடியை அதுக்கு ஒத்துவராத மண்ணுல வச்சு சாகடிச்சா ஒரு விதையும் வீண், ஒரு வருசமும் வீண். பதிஞ்ச பக்கத்துக்கு நொச்சி வைக்கச் சொன்னன், ஆத்தங்கரையில வளருற செடி, ஈரத்தையும் தாங்கும், கோடையையும் தாங்கும், இலையை நுளம்புக்குப் புகை போடலாம், தடிமனுக்கு ஆவி பிடிக்கலாம்.

பிறகும் அவ விடேல்ல. அதால ஒரு உடன்பாட்டுக்கு வந்தம். கிணத்தடிக்குப் பக்கத்துல உயர்ந்த இடத்துல உடைஞ்ச ஓடும் கல்லும் ஆத்து மணலும் போட்டு ஒண்டரை அடி உயரத்துக்கு ஒரு மேடு போடுறது, பெரிய மழை முடிஞ்சு தை கடைசியில மண்ணுல ஈரம் இருக்கேக்க அதுல ஒரே ஒரு உகாய் வைக்கிறது. களிமண் காணியில ஐப்பசியில வைக்கவே கூடாது. மேடு போட்டாச்சு, வலையும் கட்டியாச்சு. கன்று இப்ப என்ர வளவுல நீளப் பேக்குல நாலு இலையோட நிக்குது, தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை கொண்டுபோய்க் குடுக்கோணும்.